உன் போட்டோவில் இறங்கிய காமாலை

அருமை மாப்பிள்ளையும், பழைய ரூம் கூட்டாளியும், பிடிவாதத்தில் கழுதைக்கு மூத்தவனுமான ராஜமாணிக்கத்துக்கு,

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். "நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுண்ணா" என்று என் தங்கை கமலா கேட்டாள். உட்கார்ந்து பார்த்தேன். பண்பாளர், பழகுவதற்கு இனியவர் என்று ஆரம்பித்தால் பேனா நகரமாட்டேன் என்கிறது. திட்டலாம் என்று நினைத்த மாத்திரத்தில் குடுகுடுவென்று ஓடுகிறது. அதனால் மலர்க் குழுவினர் மன்னிக்க வேண்டும். இது திட்டுக் கடிதம்.

முதலில் மரியாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புனேயில் கட்கி பாக்டரியில் ஒன்றாய் வேலைக்குச் சேர்ந்து, போபோடியில் ஒரே ரூமில், ஒரே ஸ்டவ்வில் பொங்கித் தின்ற காலத்தில் நீ எனக்கு 'டேய்'. என் தங்கையைக் கட்டிய மறுநாள் 'நீங்க' ஆகிவிட்டாய். மாப்பிள்ளையாயிற்றே. நீ பந்தியில் உப்பு இல்லை என்றால், உப்பு போட்ட எனக்கே உப்பு இல்லாததுபோல் இருக்கும். எத்தனை தடவை வாய்வரைக்கும் வந்ததை விழுங்கியிருப்பேன் தெரியுமா? செத்துப்போனவனுக்கு மாப்பிள்ளை முறுக்கு கிடையாது. ஆகவே இனிமேல் 'நீ'தான்.

ஒரு வேர்க்கடலை அளவுகூட இல்லாத கல்லுக்குச் செத்தாய். அதுவும் யார்? அடைப்பு எடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன். பாக்டரியில் எந்த பைப் மக்கர் பண்ணினாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்பானரால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, 'அடைப்பு இங்கே இல்லை, அதோ அந்த வளைவுல' என்பாய். அப்படியே இருக்கும். ஊருக்கெல்லாம் தட்டிப் பார்த்த கை, வலது விலாவுக்குக் கீழே வலித்தபோது எங்கே போயிருந்தது மாப்ளே?

நம்ம சந்தில் பாதிப் பேருக்குக் கண் மஞ்சளான அந்த மழைக்காலத்திலிருந்து தொடங்கினால்தான் படிக்கிறவர்களுக்குப் புரியும். குழாயில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள். உனக்கும் காமாலை, எனக்கும் காமாலை. மராத்திக்காரர்கள் காவீள் என்பார்கள். ஏரவாடாவில் ஒரு அம்மா அதற்கு மாலை கட்டிக் கொடுப்பாள். ஏதோ ஒரு செடியின் பச்சைத் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, நூலில் முடிச்சுப் போட்டுக் கோத்து, மந்திரித்து, கிரீடம் மாதிரித் தலையில் வைப்பாள். காசு வாங்கமாட்டாள், தேங்காய் மட்டும்தான். மாலை நாளாக நாளாக நீளும். நெற்றியிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தொப்புள். காலைத் தொட்டுக் கழன்றால் காமாலை இறங்கிவிட்டது, ஆற்றில் விட்டுத் தலைக்குக் குளிக்கலாம் என்று அர்த்தம்.

நீ போட்டுக்கொண்டாய். தெருவில் பார்த்துச் சிரிப்பார்களே என்று நான் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு எப்போதும் அறிவைவிட வெட்கம் கொஞ்சம் அதிகம். நீ தலைக்குக் குளித்த அதே வாரம் என் கண்ணும் வெளுத்தது. மாலை போட்டவனுக்கும் போயிற்று, போடாதவனுக்கும் போயிற்று. ஆனால் நீ அதைக் கணக்கில் எடுத்தாயா? 'உனக்கு லேசா வந்திருக்கும் மச்சான்' என்று முடித்துவிட்டாய்.

பிறகு பல வருஷம் கழித்து உனக்கு இரண்டாவது தடவை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய். வாயு என்று சோடா குடித்தாய். கண் மஞ்சளானதும் நேரே ஏரவாடாவுக்குப் போய்த் தலையில் கிரீடத்தோடு திரும்பி வந்தாய். பாக்டரி கேட்டில் நின்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினாய். நான் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தேன். நீ எல்லார் முன்னாலும் சொன்னாய்: "இன்னா மச்சான், ஊசியைப் பார்த்தா மயக்கம் போட்டு விழற ஆளு நீ. நீ எனக்கு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்றியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊசியைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்பது உண்மைதானே. மாப்பிள்ளை வேறு.

எனக்குத் தெரியாமல் வீட்டில் என்ன நடந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒன்றுக்கு டிக்காஷன் மாதிரிப் போனதாம். வெளிக்குப் போனால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாம். உடம்பெல்லாம் அரிப்பு, இரும்பு ஸ்கேலால் சொறிந்துகொண்டாயாம். கோடை வெயிலில் ரெண்டு கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கினாயாம். இதையெல்லாம் மச்சானிடம் சொல்லக்கூடாது என்று, எட்டாவது படித்துக்கொண்டிருந்த உன் மகள் அமுதாவின் தலையில் கமலாவின் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாய். ஏன்டா? நான் என்ன போலீஸா?

நான் வந்து பார்த்தபோது நீ பேச்சு குழறிக் கிடந்தாய். மாலை தொப்புள்வரை வந்திருந்தது. கமலா, "இன்னும் கொஞ்சம்தாண்ணா, இறங்கிடும்" என்று கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டேன். மாலையை நர்ஸ் கத்தரித்து எடுத்தாள். அடுத்த நாள் நீ இல்லை.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரை நான் மறக்கமாட்டேன். பத்தாவதில் சயின்ஸ் பேப்பரில் ஈரலுக்குப் பதில் சிறுநீரகத்தை வரைந்து பெயிலானவன் நான். நமக்குப் பித்தம் என்றால் தலைசுற்றல், ஒரு எலுமிச்சை ஊறுகாய், அவ்வளவுதான். அந்த மனுஷர் தன் கையையே படமாக்கி எனக்கு ஹிந்தியில் விளங்க வைத்தார். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் விரித்தார். ஈரலின் வலது பக்கத்திலிருந்து ஒரு குழாய், இடது பக்கத்திலிருந்து ஒரு குழாய். உள்ளே மரத்துக் கிளை மாதிரிப் பிரிந்து கிடக்கும் சின்னச் சின்னக் குழாயெல்லாம் இந்த ரெண்டில் வந்து சேருமாம். ரெண்டும் உள்ளங்கையில் ஒன்றாகும். கட்டைவிரல்தான் பித்தப்பை. ஈரல் சுரக்கும் பித்தநீரைப் பிடித்து வைத்து, கொழுப்புள்ள சாப்பாடு உள்ளே போனதும் பிழிந்து விடும் பை. அதன் குழாயும் பக்கத்திலிருந்து வந்து சேர, எல்லாம் ஒரே குழாயாக மணிக்கட்டு வழியே கீழே போய், கணையத்துக் குழாயோடு சேர்ந்து குடலில் திறக்கும். திறக்கிற இடத்தில் ஒரு தசை வளையம். அதற்கு அவர் தன் வாட்ச் பட்டையைத் தொட்டுக் காட்டினார்.

பித்தம் கெட்டியாகி உருவான உன் கல் பையிலிருந்து நழுவி வந்து அந்த வாட்ச் பட்டைக்கு மேலே உட்கார்ந்துகொண்டது. பித்தம் குடலுக்குப் போகாததால் மலம் வெளுத்தது. போக வழியில்லாத பித்தம் ரத்தத்தில் ஏறிக் கண்ணையும் மூத்திரத்தையும் நிறமாக்கியது. தேங்கியது சீழ் பிடித்தது. குளிரும் நடுக்கமும் அதனால்தான். அந்த மழைக்காலத்தில் வந்ததில் கெட்டுப்போனது ஈரல். ஓய்வு கொடுத்தால் தானே தேறும், மாலை போட்டாலும் போடாவிட்டாலும். இதில் ஈரல் நன்றாகத்தான் இருந்தது, பைப்தான் அடைத்தது. அடைத்த பைப் தானே திறக்குமா? பாக்டரியில் யாராவது உன்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் ஸ்பானரைத் தூக்கி எறிந்திருக்கமாட்டாயா?

சரி, இப்போதைய சங்கதிக்கு வருகிறேன். உன் மகள் அமுதா பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு மராத்திப் பையனைப் பிடித்துக் கல்யாணமும் செய்துகொண்டாள். நல்ல பையன், என்னை 'மாமா' என்று கூப்பிட்டுக் காலைத் தொடுகிறான், எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரிவதில்லை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று கமலா அவளைப் போபோடிக்குக் கூட்டி வந்தாள். பெண் குழந்தை. மூக்கு உன் மூக்கு, பாவம்.

பிரசவம் ஆனவளுக்கு என்ன போடுவார்கள் என்று உனக்குத் தெரியும். இங்கே கமலா நெய்யும் நல்லெண்ணெயும் பூண்டுமாக ஊற்றினாள். அங்கே சம்பந்தியம்மா நெய் சொட்டச் சொட்ட, வேலம்பிசின் போட்டுப் பிடிக்கும் கோந்து லட்டு செய்து டப்பா டப்பாவாக அனுப்பினார். யார் பாசம் பெரிசு என்று போட்டி. அமுதா தின்றுவிட்டு வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். 'பச்சை உடம்பு, வாயு' என்றாள் கமலா. ஒரு வாரத்தில் அவளுக்குக் கண் மஞ்சள்.

நான் விஷயம் தெரிந்து ஓடிப் போனபோது உன் மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தலையில் பச்சைக் கிரீடம். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன், வெளிக்குப் போவது என்ன கலர் என்று. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "மாமா, ப்ளீஸ்" என்றாள். பிறகு மூடிய துணிக்குள்ளிருந்தே சொன்னாள்: "வெள்ளை."

உடனே கிளம்பு என்றேன். கமலா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள்.

"அவர் இருந்திருந்தா இதைத்தான் செஞ்சிருப்பாரு."

"அவன் இல்லாமப் போனதே இதனாலதாண்டி."

"இல்ல. வீட்ல இருந்தவரைக்கும் மாலை இறங்கிட்டுதான் இருந்துச்சு. தொப்புள்வரைக்கும் வந்துச்சு. நீதான் தூக்கிட்டுப் போன. மாலையை அறுத்தாங்க, மறுநாள் போயிட்டாரு."

பதினாலு வருஷம் மாப்ளே. பதினாலு வருஷமாக என் தங்கை என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருஷனைக் கொன்றவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறாள், என் மகன் காலேஜில் சேர்ந்தபோது வந்து ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறாள், மனசுக்குள்ளே இதை வைத்துக்கொண்டு. நீ போனதோடு போகவில்லை, இந்தப் பழியை என் தலையில் கட்டிவிட்டல்லவா போயிருக்கிறாய். அன்றைக்கு உன் போட்டோவைப் பார்த்து என் வாயில் வந்ததைச் சங்கத்து மலரில் போடமாட்டார்கள்.

அமுதாவோ நடுவில் மாட்டிக்கொண்டாள். "மாமா, அம்மா அழுவுறாங்க. ரெண்டு நாள் போட்டுக்கறேன். க்யா ஃபரக் படேகா?" என்றாள். அதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஹிந்தியில் ஒரு கேள்வி. அவள் புருஷன் போனில், அவன் அம்மாவும் மாலைதான் சொல்கிறாள் என்றான். படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிற குடும்பத்தில் பத்தாவது பெயிலான நான் தனியாக நின்றேன். இரண்டு விரலை விரித்தேன், கட்டைவிரலைக் காட்டினேன், வாட்ச் பட்டையைக் காட்டினேன். எனக்கே ஏதோ பரதநாட்டியம் ஆடுகிற மாதிரி இருந்தது. யாரும் அசையவில்லை.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். ரெண்டு நாள். அதற்குள் குளிரோ காய்ச்சலோ வந்தால் யாரையும் கேட்காமல் தூக்கிப் போவேன். கமலா தலையாட்டினாள். நான் தெர்மாமீட்டர் வாங்கி வந்து, வாட்ச்மேன் மாதிரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்திருந்தபோது சுவரில் நீ. உன் மீசையும், எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற அந்தச் சிரிப்பும். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரரை வாசலில் உட்கார வைத்துவிட்டு, ஒரு தேங்காயோடு ஏரவாடாவுக்கு பஸ் ஏறினேன்.

அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது. முகத்தில் கள்ளமில்லை. அதனால்தான் எனக்கு அவள்மேல் கோபப்பட முடியவில்லை, இருந்த கோபம் எல்லாம் உனக்கே வந்து சேர்ந்தது. யாருக்கு என்று கேட்டாள். என் தங்கை புருஷனுக்கு என்றேன். ஏன் அழைத்து வரவில்லை என்றாள். நடக்க முடியாத நிலைமை என்றேன். பொய்யா? பேர் கேட்டாள். உன் முழுப் பேரையும் சொன்னேன். உன் பேருக்கே மந்திரித்துக் கட்டிக் கொடுத்தாள்.

கமலா அடுப்படியில் இருந்தபோது உன் போட்டோவில் மாட்டினேன். நெற்றிப்பொட்டுக்கு மேலே கச்சிதமாக நின்றது. சந்தன மாலைக்குப் பின்னால் பச்சை அவ்வளவாகத் தெரியவில்லை.

மறுநாள் அமுதாவுக்குக் காதுவரை வந்தது. உனக்கு மூக்கு. சாயங்காலம் அவளுக்குத் தாடை, உனக்கு மீசை தாண்டிவிட்டது. ஃபேனுக்கு நேர் எதிரே நீதானே இருந்தாய். புனே வெயிலும் ஃபேன் காற்றுமாகச் சேர்ந்து வேகமாகக் காய வைத்தது. நான் நிமிஷத்துக்கொரு தரம் அமுதாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "மாமா, நான் இட்லியா? வெந்துச்சான்னு பாக்கறீங்களா?" என்றாள். சிரித்த கண் மஞ்சளாக இருந்தது. சொறிந்து சொறிந்து கையெல்லாம் கோடு. நான் வெளியே போய் நின்றேன்.

அதற்கு அடுத்த காலையில் கமலா விளக்கேற்ற வந்தாள். பூவை எடுத்துக்கொண்டு போட்டோவுக்குக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். மாலை ஃபிரேமைத் தாண்டிக் கீழே தொங்கியது.

"இதை யார் போட்டது?"

"நான்தான். அவன் பேருக்குத்தான் மந்திரிச்சு வாங்கினேன்."

"போட்டோவுக்கு எப்படிண்ணா இறங்கும்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை மாப்ளே, நீதான் சொன்னாய். உன் வீட்டுச் சமையலறைக் குழாயை நீயே மாட்டியபோது, மரையில் சணலைச் சுற்றிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி வகுப்பு எடுத்தாயே, நினைவிருக்கிறதா? சணல் ஈரமாக இருக்கிறவரை இறுக்கிப் பிடிக்கும், காய்ந்தால் சுருங்கி ஜாயின்ட் ஆடும் என்று. கமலாவின் கையைப் பிடித்து அந்த மாலையில் வைத்தேன். தண்டெல்லாம் வற்றிக் குச்சியாகியிருந்தது. முடிச்சுக்குள் ஒவ்வொன்றும் ஆடியது. ஆட ஆட நூல் விட்டுக்கொடுத்து மாலை நீண்டிருந்தது. அவளுக்கே தெரிந்தது.

"அப்போ அவருக்கும்..." என்று ஆரம்பித்தாள். கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள். அமுதாவிடம் போய், அவள் தலைவழியாக மாலையைத் தன் கையாலேயே கழற்றினாள்.

"ஆட்டோ கூப்பிடுண்ணா."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அமுதாவுக்குப் பல் கிட்டியது. குளிர் ஆரம்பித்துவிட்டது. ஒரு வேளை தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கமாட்டேன். நீ யோசி. உனக்குத்தான் அங்கே வேலை இல்லை.

இப்போது வயிற்றைக் கிழிப்பதில்லை. வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, குடல்வரை போய், அந்த வாட்ச் பட்டையைத் துளி கீறி, ஒரு சின்னக் கம்பிக்கூடையால் கல்லை வாரி வெளியே தள்ளிவிடுகிறார்கள். தேங்கியதெல்லாம் கொட்டியதாம். டாக்டர் டிவியில் காட்டி விளக்கினார். நான் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கண்ணைத் திறந்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். ஒரு நர்ஸ் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நீ சொன்னது ஒன்றே ஒன்று சரி, எனக்கு மயக்கம் வரும். ஆனால் மயக்கம் வருகிறவன் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

வீட்டுக்கு வந்து சாமானெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். அமுதா ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள். பெரிய பதவியில் இருக்கிற பெண், போனில் குசுகுசுவென்று சொன்னாள்: "மாமா, கலர் வந்துடுச்சு." எனக்குப் பேத்தி பிறந்த சேதி கேட்டபோதுகூட இவ்வளவு சந்தோஷமில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என்ன கலர், எங்கே கலர் என்று அவர் கேட்டார். சொன்னேன். பாவம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பித்தப்பையையும் அப்புறம் எடுத்துவிட்டார்கள். அது இல்லாமலும் பிழைக்கலாமாம், ஈரலிலிருந்து நேரே சொட்டிக்கொண்டிருக்குமாம். உன் மகள் ஜம்மென்று இருக்கிறாள். கோந்து லட்டுவை நானும் சம்பந்தியும் தின்று தீர்த்தோம்.

உன் போட்டோவில் இருந்த மாலையை யாரும் எடுக்கவில்லை. நாங்கள் அமுதாவை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அது தானே கழன்று தரையில் கிடந்தது. கமலா அதைக் குனிந்து எடுத்து, அமுதாவுடையதோடு சேர்த்து வைத்தாள். ரெண்டு பேரும் போய் முளா ஆற்றில் விட்டுவிட்டு வந்தோம். வழியில் ரோடைத் தாண்டும்போது அவள், சின்ன வயசில் பிடிப்பதுபோல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதுவரை எழுதியதை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். நல்ல வார்த்தை நாலு கேட்டவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு சொன்னாள்: "புள்ள தலைமேல கை வச்சு சத்தியம் வாங்கினதை இன்னும் கொஞ்சம் கோபமா எழுதுண்ணா. சொல்லவும் முடியாம, பார்க்கவும் முடியாம நான் பட்டதை எழுது." எழுதத்தான் பார்க்கிறேன், எனக்குப் படிப்பு பத்தவில்லை. அவள் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன். படித்துக்கொள்.

உனக்கும் இறங்கிவிட்டது மாப்ளே. தரையைத் தொட்டுக் கழன்றும் விட்டது. இனி தலைக்குக் குளித்துவிட்டு எங்கேயாவது போய் நன்றாக இரு.

நான் யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்யமாட்டேன், அது உன்னோடு போகட்டும். வெறும் வாயால் சொல்கிறேன். இனி நம்ம சந்தில் எவன் கண் மஞ்சளானாலும், அவன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும், பக்கத்தில் போய் என்ன கலர் என்று கேட்பேன். வெள்ளை என்றால் மாப்பிள்ளையாக இருந்தாலும் தூக்கி ஆட்டோவில் போடுவேன். உன் பேத்தி பேச ஆரம்பித்ததும் அந்த இரண்டு விரலையும் கட்டைவிரலையும் அவளுக்குக் காட்டித் தருவேன். தாத்தா எங்கே என்று கேட்டால் வாட்ச் பட்டையைக் காட்டுவேன். அதற்கப்புறம் உன்னைத் திட்டுவேன், நாள் தவறாமல்.

இன்னும் கோபம் தீராத
உன் மச்சான், உன் மகளின் தாய்மாமன்,
ஏகாம்பரம்
போபோடி, புனே